தள்ளுபடியைப் பார்த்து வாங்கும் சுவிட்சுகள்

தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் மின்சாமான் வாங்கிய கோப்பைப் பிரித்தால் மூன்று கொட்டேஷன்கள் இருக்கும். அவற்றை அடுக்கி எழுதிய ஒப்பீட்டுத் தாள் ஒன்றும் இருக்கும். பொருள், கம்பெனி, லிஸ்ட் விலை, தள்ளுபடி சதவீதம், 18 சதவீத ஜிஎஸ்டி, நிகர விலை, எத்தனை நாளில் சப்ளை, எத்தனை நாள் கடன் என்று வரிசையாகக் கட்டங்கள். நிகர விலை குறைந்த கட்டத்தைச் சிவப்பு மையில் சுழித்து, கீழே கையெழுத்து. அந்த சுவிட்ச் எந்த மோட்டாரை ஓட்டப்போகிறது, மணிக்கு எத்தனை முறை போட்டு அணைக்கப்படும், அது மாட்டப்படும் இடத்தில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் எவ்வளவு மின்சாரம் பாயும் என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

வாங்குபவர் கேட்காததால் விற்பவரும் சொல்வதில்லை. கோவையின் மில்களிலும் பவுண்டரிகளிலும், அம்பத்தூர், ஓசூர் பட்டறைகளிலும், அரசு அலுவலகங்களிலும், ஊராட்சிகளின் மோட்டார் அறைகளிலும் இப்படித்தான் கான்டாக்டரும் ஸ்டார்ட்டரும் எம்சிசிபி பிரேக்கரும் வாங்கப்படுகின்றன. இந்த முறை மாற வேண்டும். மாற்றுவதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதினால் போதும்.

முதலில் லிஸ்ட் விலை. தொழிற்சாலை சுவிட்ச்கியர் கம்பெனிகள் எல்லாமே அச்சிட்ட விலைப்பட்டியல் வெளியிடுகின்றன. அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. பாதி விலைக்கும் கீழே தள்ளுபடி போவது இந்த வியாபாரத்தில் சர்வசாதாரணம். ஸ்டாக்கிஸ்டுக்கு ஒரு விகிதம், பேனல் போர்டு செய்பவருக்கு ஒரு விகிதம், பெரிய பிராஜெக்டுக்குக் கம்பெனியிடம் தனியாக அனுமதி வாங்கி இன்னொரு விகிதம். ஒரே எம்சிசிபி, ஒரே மாதத்தில், ஒரே ஊரில் மூன்று விலைக்குப் போகும். மொத்தமாக வாங்குபவருக்கு விலை குறைவது நியாயம்தான். ஆனால் சிறு பட்டறைக்காரருக்கு நியாயமான விலை எது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. 45 சதவீதம் தள்ளுபடி கிடைத்தால் நல்ல பேரம் என்று அவர் நினைக்கிறார். பக்கத்துத் தெருவில் அதே சாமான் 58 சதவீதத் தள்ளுபடியில் போனது அவருக்குத் தெரியாது. அதைவிட மோசம், இரண்டு கம்பெனிகளின் தள்ளுபடியை ஒப்பிடுவது. ஒருவர் லிஸ்ட் விலையை உயர்த்தி வைத்துத் தள்ளுபடியைக் கூட்டித் தருகிறார், மற்றவர் குறைத்து வைத்துக் குறைவாகத் தருகிறார். இந்த இரண்டு சதவீதங்களுக்கும் சாமானின் தரத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் தணிக்கையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'போன முறை எவ்வளவு டிஸ்கவுண்ட், இந்த முறை எவ்வளவு?' என்பதே.

மோட்டாரைப் போட்டு அணைக்கும் கான்டாக்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் விலை எங்கே இருக்கிறது என்று தெரியும். நகரும் முனையிலும் நகராத முனையிலும் ஒட்டப்பட்ட வெள்ளிக் கலவைப் பொட்டு, காயிலின் தாமிரக் கம்பி, காந்தத் தகடுகள், தீப்பொறியைத் துண்டாக்கி அணைக்கும் ஆர்க் சூட் தகடுகள், எளிதில் தீப்பிடிக்காத பிளாஸ்டிக். முக்கியமானது அந்த வெள்ளிப் பொட்டு. வெள்ளியும் டின் ஆக்சைடும் கலந்து செய்த அந்தச் சிறு துண்டின் கனத்தைப் பொறுத்தே ஒரு கான்டாக்டரின் ஆயுள் அமைகிறது. கனத்தைக் கொஞ்சம் குறைத்தால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. முதல் மாதம் நன்றாகவே வேலை செய்யும்.

'32 ஆம்ப்ஸ் கான்டாக்டர் நாலு கொடுங்க' என்று கடையில் கேட்பது நம் வழக்கம். எந்த வேலைக்கு 32 ஆம்பியர் என்பதுதான் கேள்வி. ஐஎஸ்/ஐஇசி 60947 தர நிர்ணயம் கான்டாக்டரின் பணியை வகைகளாகப் பிரிக்கிறது. ஹீட்டர் போன்ற சுமைக்கு ஏசி-1. அணில்கூண்டு மோட்டாரைத் தொடங்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்துவதற்கு ஏசி-3. கிரேன், ஹாய்ஸ்ட் போல மோட்டாரைத் தட்டித்தட்டி நகர்த்துவதற்கும் திடீரென்று திசைமாற்றுவதற்கும் ஏசி-4. ஏசி-3 கணக்கில் 9 ஆம்பியர் மட்டுமே தாங்கும் பல கான்டாக்டர்களுக்கு ஏசி-1 கணக்கில் 20 அல்லது 25 ஆம்பியர் என்று கேட்டலாக்கில் போட்டிருக்கும். இரண்டும் உண்மை. 10 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் 14 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும்; நேரடியாகத் தொடங்கும் கணத்தில் அது ஆறு மடங்கு வரை போகும். டெண்டரில் '25 ஆம்பியர் கான்டாக்டர்' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த 9 ஆம்பியர் சாமானைக் கொட்டேஷனில் போட்டவர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. ஏசி-3இல் 25 ஆம்பியர் தரும் சாமானைப் போட்டவரின் விலை இயல்பாகவே கூடுதலாக இருக்கும், அவர் தோற்பார். ஒழுங்காகக் கணக்குப் போட்டவரைத் தண்டிக்கும் டெண்டர் இது.

ஒரு கணக்கு. மணிக்கு 60 முறை தொடங்கி நிற்கும் இயந்திரம், நாளுக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,88,000 முறை. ஏசி-3இல் 10 லட்சம் முறை தாங்கும் கான்டாக்டர் ஏறக்குறைய மூன்றரை ஆண்டு வரும். 2 லட்சம் முறை மட்டும் தாங்குவது எட்டு மாதத்தில் போய்விடும். முதலாவதன் விலை 1,500 ரூபாய், இரண்டாவதன் விலை 1,000 ரூபாய் என்று வைத்தால், லட்சம் முறைக்கு முதலாவது 150 ரூபாய், இரண்டாவது 500 ரூபாய். ஒப்பீட்டுத் தாளில் சுழிக்கப்பட்டது இரண்டாவது.

இதில் சாமானின் விலை மட்டும்தான் வந்திருக்கிறது. பொட்டு தேய்ந்த கான்டாக்டர் சும்மா நின்றுவிடுவதில்லை. மூன்று முனைகளில் ஒன்று மட்டும் கருகித் தொடர்பை இழந்தால், மோட்டார் இரண்டு ஃபேஸில் ஓட முயன்று சூடேறி காயில் கருகும். ஓவர்லோடு ரிலே சரியாக செட் செய்யப்படாத இடத்தில் இது நிச்சயம். ரீவைண்டிங் கடைக்கு மோட்டாரைத் தூக்கிப்போகும் செலவு, கம்பிச் செலவு, கூலி, அதுவரை நின்ற உற்பத்தி எல்லாம் சேர்ந்தால், மிச்சம் பிடித்த 500 ரூபாய் எங்கே போனது என்று தெரியாது. அந்தச் செலவு பராமரிப்புக் கணக்கில் விழுகிறது, கொள்முதல் கணக்கில் விழுவதில்லை. அதனால் கொள்முதல் அதிகாரி மிச்சம் பிடித்தவராகவே இருக்கிறார். மின் பராமரிப்பில் இருப்பவர்களிடம் பேசியபோதெல்லாம் நான் கேட்ட குறை இதுதான்: 'வாங்குறது அவங்க, மாத்துறது நாங்க.' இரண்டு கணக்கையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் வழக்கம் பெரிய ஆலைகளில்கூட அரிது.

எம்சிசிபி விஷயம் இன்னும் கவலைக்குரியது. கான்டாக்டர் தவறினால் மோட்டார் போகும், பிரேக்கர் தவறினால் ஆளே போகலாம். 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 433 வோல்ட், 4.5 சதவீத இம்பீடன்ஸ் என்றால் அதன் முழுச் சுமை மின்னோட்டம் சுமார் 667 ஆம்பியர். அதன் முனையருகே ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால் ஏறக்குறைய 15,000 ஆம்பியர் பாயும். 1,000 கேவிஏ, 5 சதவீதம் என்றால் 26,000 ஆம்பியரைத் தாண்டும். முதல் இடத்தில் 10 கிலோ ஆம்பியர் எம்சிபியையோ இரண்டாவது இடத்தில் 25 கிலோ ஆம்பியர் எம்சிசிபியையோ மெயின் பஸ்பாரை ஒட்டி மாட்டினால் அது அறுக்க வேண்டிய நேரத்தில் வெடிக்கலாம். கேபிள் நீளமாகப் போனால் இந்த அளவு குறையும். ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் கணக்குப் போட்டே தீர வேண்டும். பத்து நிமிடக் கணக்கு. அதைப் போடாமலேயே வாங்கிய பேனல்கள் எத்தனையோ.

இன்னொன்று, கேட்டலாக்கில் ஒரே பிரேக்கருக்கு உடைக்கும் திறன் இரண்டு எண்களில் இருக்கும். ஐசியூ என்பது உச்ச அளவு. அந்த அளவு மின்னோட்டத்தை அது அறுத்துவிடும், ஆனால் அதற்குப்பின் முழுச் சுமையைத் தாங்கி ஓடும் என்று உறுதியில்லை. ஐசிஎஸ் என்பது அறுத்தபிறகும் தொடர்ந்து பணியாற்றக்கூடிய அளவு. 36 கிலோ ஆம்பியர் ஐசியூ உள்ள இரண்டு பிரேக்கர்களில் ஒன்றின் ஐசிஎஸ் 50 சதவீதமாகவும் மற்றதன் ஐசிஎஸ் 100 சதவீதமாகவும் இருக்கலாம். விலை வித்தியாசத்தின் பெரும் காரணம் அதுதான். '36 கேஏ எம்சிசிபி' என்று மட்டும் எழுதிய டெண்டரில் இரண்டும் ஒன்றே ஆகிவிடுகின்றன. மருத்துவமனையின் மெயின் போர்டுக்கு எது வேண்டும் என்று யோசிக்க மின் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ஊராட்சிகளுக்கு வருவோம். குடிநீர் மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிவது மூடி இல்லாத ஸ்டார்ட்டர், ரிலேவைத் தாண்டி நேராக இழுத்த ஒயர், குச்சி செருகி அழுத்தி வைத்த பட்டன். ஆபரேட்டரைக் குறை சொல்வது எளிது. குறைந்த வோல்டேஜில் காயில் சரியாகப் பிடிக்காமல் அதிரும் கான்டாக்டரையும், அடிக்கடி காரணமில்லாமல் தட்டிவிடும் ரிலேவையும் அவர் கையில் கொடுத்தது யார்? கோடையில் ஊரே குடத்தோடு நிற்கும்போது தண்ணீர் ஏற்றியாக வேண்டும். அவர் தெரிந்த வழியில் ஏற்றுகிறார். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டரோடு, பரந்த வோல்டேஜில் வேலை செய்யும் காயிலோடு கூடிய ஸ்டார்ட்டர் கோவையிலேயே செய்யப்படுகிறது. அது கொஞ்சம் கூடுதல் விலை என்பதால் மதிப்பீட்டில் இடம்பெறுவதில்லை. மோட்டார் ரீவைண்டிங் பில்லுக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் தீர்மானம் போடப்படுகிறது.

'என்ன செய்வது, எல்-1 சட்டம், குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம்' என்பதே அதிகாரிகளின் பதில். சட்டம் அவ்வளவு குருடானது இல்லை. ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைக்கென 1998ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. டெண்டர் ஆவணத்தில் சொல்லப்பட்ட தகுதிகளை நிறைவேற்றியவர்களுக்குள்தான் குறைந்த விலை தேடப்படுகிறது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகளும் மதிப்பீடு செய்தபின் குறைந்ததாக நிற்கும் தகுதியான ஒப்பந்தப்புள்ளிக்கே ஒப்பந்தம் என்கின்றன. ஆக, தகுதியை எழுதும் பேனா அதிகாரியிடம்தான் இருக்கிறது. 'பிரபல கம்பெனி, நல்ல தரம்' என்று எழுதிவிட்டுக் குறைந்த விலையைச் சட்டத்தின்மேல் போடுவது நேர்மையில்லை. 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் தரத்துக்கும் மதிப்பெண் தரும் முறையைக் கட்டுமானப் பணிகளுக்கும் சேவைகளுக்கும் விரிவாக்கியது, சரக்குக் கொள்முதலுக்கு அல்ல. சுவிட்ச் போன்ற பொருளுக்கு அது அவசியம் என்றும் நான் நினைக்கவில்லை. அளக்கக்கூடிய தேவையை அளந்து எழுதிவிட்டால் குறைந்த விலையே சரியான விலையாக இருக்கும்.

சந்தையின் நிலையையும் பார்க்க வேண்டும். எல் அண்ட் டி நிறுவனத்தின் மின்சாதனப் பிரிவை ஷ்னைடர் எலக்ட்ரிக், டெமாசெக் நிறுவனத்தோடு சேர்ந்து 14,000 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக 2018இல் அறிவித்தது. 2020 ஆகஸ்டில் கைமாற்றம் முடிந்தது. பல தலைமுறை எலக்ட்ரீஷியன்கள் 'எல்அண்டி' என்றே கேட்டு வாங்கிய சாமான் இப்போது லாரிட்ஸ் நட்சன் என்ற பெயரில் வருகிறது. இந்த இணைப்பால் போட்டி குறையும் என்று கவலைப்பட்ட இந்தியப் போட்டி ஆணையம், 2019இல் நிபந்தனைகளோடுதான் ஒப்புதல் தந்தது. உற்பத்தித் திறனில் ஒரு பகுதியைப் போட்டியாளர்களின் பெயரில் செய்துகொடுக்க ஒதுக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சி அண்ட் எஸ் எலக்ட்ரிக் நிறுவனத்தை சீமென்ஸ் வாங்கியது. விற்பவர்கள் எண்ணிக்கையில் குறைந்து பலத்தில் கூடும்போது, தனித்தனியாகப் போய் டிஸ்கவுண்ட் கேட்கும் சிறு தொழிற்சாலைக்குப் பேரம் பேசும் வலு எங்கிருந்து வரும்?

இதற்கு மேல் உலோக விலை. 2025 தொடக்கத்தில் அவுன்சுக்கு 30 டாலரை ஒட்டியிருந்த வெள்ளி, அக்டோபரில் 50 டாலரைத் தாண்டியது. தாமிரம் 2024 மே மாதமே லண்டன் உலோகச் சந்தையில் டன்னுக்கு 11,000 டாலரைத் தொட்டுத் தாண்டியிருந்தது. கான்டாக்டரின் உயிர் வெள்ளியிலும் உடம்பு தாமிரத்திலும் இருக்கிறது. ஓராண்டு, ஈராண்டு மாறாத விலை என்று ரேட் கான்ட்ராக்ட் போட்டவர், இந்த ஏற்றத்தைச் சப்ளை செய்பவர் தன் கையிலிருந்து கொடுப்பார் என்று எதிர்பார்க்கிறார். அவர் கொடுப்பதில்லை. சப்ளையைத் தாமதப்படுத்துவார், அல்லது அதே பெயரில் வேறு ரகத்தைத் தள்ளுவார். டிரான்ஸ்ஃபார்மருக்கும் கேபிளுக்கும் மின்சாதன உற்பத்தியாளர் சங்கமான ஐஇஇஎம்ஏ வெளியிடும் மூலப்பொருள் குறியீடுகளை வைத்து விலை மாற்றச் சூத்திரம் எழுதுவது பழகிப்போன நடைமுறை. பெரிய அளவில் சுவிட்ச்கியர் வாங்கும் ஒப்பந்தங்களிலும் அதே போல வெள்ளி, தாமிரம் இரண்டுக்கும் ஒரு பங்கு வைத்து எழுதலாம். விலை இறங்கினால் வாங்குபவருக்கும் லாபம்.

மலிவின் அடிமட்டத்தில் போலிகள் இருக்கின்றன. பிரபல கம்பெனியின் அட்டைப்பெட்டி, ஸ்டிக்கர், ஹோலோகிராம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். உள்ளே தாமிரம் இருக்க வேண்டிய இடத்தில் முலாம் பூசிய இரும்பும், ஆர்க் சூட்டில் பாதித் தகடுகளும் இருக்கும். இன்னொரு ரகம், பழைய ஆலைகளில் கழற்றிய பிரேக்கரைத் துடைத்து, புதுப் பூச்சுப் பூசி, புதுசு என்று விற்பது. அந்த பிரேக்கர் தன் வாழ்நாளில் எத்தனை ஷார்ட் சர்க்யூட்டை அறுத்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. எம்சிபிகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2003ஆம் ஆண்டு தரக்கட்டுப்பாட்டு ஆணை முதல் கட்டாயம். எம்சிசிபி, கான்டாக்டர் போன்ற தொழிற்சாலை சாமான்களுக்கான ஆணை 2020இல்தான் வந்தது. அதன் நடைமுறைத் தேதியோ தள்ளித்தள்ளிப் போனது. தள்ளிப்போடச் சொன்னவர்களின் வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஷார்ட் சர்க்யூட் சோதனை செய்ய பெங்களூரின் சிபிஆர்ஐ, வதோதராவின் எர்டா போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய கூடங்களே இருக்கின்றன, செலவும் அதிகம். அதற்காக ஆணையைத் தள்ளிப்போடாமல், சோதனைக் கூடங்களைப் பெருக்க வேண்டும். பம்புத் தொழிலும் ஸ்டார்ட்டர் தொழிலும் வேரூன்றிய கோவைக்கு அப்படியொரு கூடம் கேட்க எல்லா நியாயமும் இருக்கிறது.

விலையில் ஒளிந்திருக்கும் கடனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பாரிமுனையிலோ கோவையிலோ ஸ்டாக்கிஸ்ட் ஒருவர், கம்பெனிக்குப் பணம் கட்டிச் சரக்கு எடுத்து, தொழிற்சாலைக்கு அறுபது நாள், தொண்ணூறு நாள் கடனில் தருகிறார். அரசு வேலை என்றால் நாள் கணக்கே கிடையாது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம், சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டு வட்டி என்கிறது. வருமான வரிச் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. பேனல் போர்டு செய்பவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் 2021இல் எம்எஸ்எம்இ-களுக்கான உத்யம் பதிவில் வணிகர்களைச் சேர்த்தபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பலன் மட்டுமே அவர்களுக்கு என்று வரையறுத்துவிட்டார்கள். பணம் எப்போது வரும் என்று தெரியாத வணிகர், அந்த ஆபத்தை விலையில் ஏற்றுகிறார். ரொக்கம் கொடுப்பவருக்கும் தாமதமாகக் கொடுப்பவருக்கும் ஒரே சாமானில் விலை வேறாவது இதனால்தான். விலையைக் குறைக்க விரும்பும் அரசுத் துறை முதலில் பில்லை முப்பது நாளில் பைசல் செய்யட்டும். இரண்டு கட்டப் பேரம் பேசிக் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும்.

சிறு தொழிற்சாலைகள் சேர்ந்து வாங்கலாம். மூலப்பொருளுக்கு, தேசிய சிறுதொழில் கழகமான என்எஸ்ஐசி வழியாக மொத்தமாகப் பேசி வாங்கும் ஏற்பாடு நாட்டில் இருக்கிறது. கொடிசியா போன்ற சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களின் ஓராண்டுத் தேவையைத் தொகுத்து, ஏசி-3இல் 9, 18, 32 ஆம்பியர் கான்டாக்டர் இத்தனை, ஐசிஎஸ் 100 சதவீத எம்சிசிபி இத்தனை என்று ஒரே விசாரணையாக அனுப்பினால், பெரிய பிராஜெக்டுகளுக்குக் கிடைக்கும் தனி விலை பட்டறைக்காரருக்கும் கிடைக்கும். உறுப்பினர்கள் வாங்கிய நிகர விலையைப் பெயர் சொல்லாமல் தமக்குள் பகிர்ந்துகொண்டாலே லிஸ்ட் விலையின் மயக்கம் பாதி தெளிந்துவிடும். அரசுத் துறைகள் இதை இன்னும் எளிதாகச் செய்யலாம்: எந்த சுவிட்ச், எந்த வகை, என்ன நிகர விலை என்று பொருள்வாரியாக ஆண்டுக்கு இருமுறை வெளியிட்டால் போதும். மக்கள் பணத்தில் வாங்கியதன் விலை மக்களுக்குத் தெரிவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பொதுப்பணித் துறை ஒவ்வோர் ஆண்டும் விலை விகிதப் பட்டியல் வெளியிடுகிறது. ஊராட்சி முதல் மருத்துவமனை வரை பொறியாளர்கள் மதிப்பீடு தயாரிக்க எடுத்துவைத்துக்கொள்ளும் புத்தகம் அதுதான். அதில் எந்த வாசகம் இருக்கிறதோ அதுவே மதிப்பீட்டிலும் டெண்டரிலும் அப்படியே இறங்குகிறது. அடுத்த பட்டியலில் கான்டாக்டர் வரும் ஒவ்வொரு வரியிலும் பணி வகையும் எத்தனை முறை தாங்கும் என்ற மின் ஆயுளும், எம்சிசிபி வரும் ஒவ்வொரு வரியிலும் ஐசியூவும் ஐசிஎஸ்ஸும், ஸ்டார்ட்டர் வரும் இடத்தில் காயில் வேலை செய்யும் வோல்டேஜ் எல்லையும் சேர்க்கப்பட வேண்டும். சப்ளை வந்தபின் நூற்றில் ஒன்றையாவது எடுத்துப் பிரித்துப் பார்த்து, பொட்டின் கனத்தை அளந்து பதிவு செய்யும் பொறுப்பு பெயர் சொல்லி ஒரு பொறியாளரிடம் தரப்பட வேண்டும். பட்டியலைத் திருத்தும் குழுவில் மோட்டார் அறைகளைப் பராமரிக்கும் எலக்ட்ரீஷியன்கள் இருவரை உட்கார வைத்தால், எந்த வரியில் என்ன விடுபட்டது என்பதை அவர்களே சொல்வார்கள்.